மலாயாவின் முதல் மின்விளக்கு: பத்துமலை தம்புசாமி பிள்ளைக்கும் உங்கள் கரண்ட் பில்லுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைக் கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்? ஜெலுத்தோங்கோ ஆயர் ஈத்தாமோ, எந்த அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, நம்மில் பலர் கடைசித் தொகையை மட்டும் பார்ப்போம். போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

2025 ஜூலை 1 முதல் அந்த பில்லின் அமைப்பு மாறியிருக்கிறது. நீங்கள் செலவழித்த மின்சாரத்துக்கு ஒரு விலை, மின் நிலையங்களைத் தயார் நிலையில் வைத்திருக்க ஒரு விலை, மின்சாரத்தைச் சுமந்து வரும் கம்பிகளுக்கு ஒரு விலை என்று தனித்தனியாகக் காட்டுகிறார்கள். இதில் மூன்றாவது வரிதான் பலரைக் குழப்புகிறது. கரண்டுக்குக் காசு சரி, கம்பிக்கு எதுக்குங்க காசு?

இதற்குப் பதில் தேடிப் போனால் 1894ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேருவீர்கள். ஊர், சிலாங்கூரில் இருக்கும் ரவாங். ஆள், உங்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்தவர். பத்துமலைக் குகையில் முருகனை வைத்து வணங்கத் தொடங்கிய கே. தம்புசாமி பிள்ளை.

தைப்பூசம் வந்தால் நாம் அவரை நினைப்போம். ஆனால் இந்த நாட்டில் மின்சாரம் தொடங்கிய கதையிலும் அவர் பெயர்தான் முதல் வரியில் இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது.

யார் இந்தத் தம்புசாமி பிள்ளை?

1850ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர். அப்போது மலேசியா என்ற நாடும் இல்லை, மலாயா என்ற ஒரே ஆட்சியும் இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியிருப்புகள் என்ற பெயரில் ஆங்கிலேயர் கையில் இருந்தன. அந்த வகையில் சிங்கப்பூர்ப் பையன் தம்புசாமியும் ஜார்ஜ்டவுன்காரரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்தான்.

அவர் படித்தது ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். உங்களில் பலர் வளர்ந்தது மாதிரியேதான். ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. அந்தத் திறமைதான் அவருக்கு முதல் வேலையை வாங்கித் தந்தது.

ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். டேவிட்சன் சாதாரண வக்கீல் இல்லை. சிலாங்கூர் அரசியலிலும் ஈயத் தொழிலிலும் அவருக்கு நெருக்கமான தொடர்பு இருந்தது. 1875ல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டாக அவரை நியமித்தபோது, நம்பிக்கையான எழுத்தர் தம்புசாமியையும் கூட்டிக்கொண்டு போனார்.

இருபத்தைந்து வயது. வசதியான சிங்கப்பூரை விட்டு, உள்நாட்டுச் சண்டை இப்போதுதான் ஓய்ந்த ஒரு மாநிலத்துக்குப் புறப்பட்டார்.

கருவூலத்தில் இருந்து தொழிலுக்கு

சிலாங்கூரில் அவருக்குக் கிடைத்த இடம் அரசாங்கக் கருவூலம். அங்கே தலைமை எழுத்தராக இருந்தார். மாநிலப் பொருளாளர் ஊரில் இல்லாத நேரங்களில் அந்தப் பொறுப்பையும் இவரே கவனித்தார். ஓர் ஆசியருக்கு அன்று அது பெரிய விஷயம்.

யோசித்துப் பாருங்க. மாநிலத்தின் வரவு செலவு முழுவதும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகிறது. ஈயத்தில் எவ்வளவு வரி வருகிறது, எந்த ஊரில் எந்தச் சுரங்கம் வளர்கிறது, சாலைக்கு எவ்வளவு செலவாகிறது, எல்லாமே அவருக்குத் தெரியும். பணம் எங்கே உருவாகிறது என்பதை அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் இருந்தே கற்றுக்கொண்டவர் அவர்.

1880ல் சிலாங்கூரின் நிர்வாகம் கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அடுத்த வருடமே அந்த ஊரைப் பெரிய தீ ஒன்று அழித்தது, வெள்ளமும் புகுந்தது. அத்தாப்புக் கூரையும் மரமுமாக இருந்த ஊர் செங்கல் கட்டடங்களாக மறுபடி எழுந்தது. நகரம் புதிதாகக் கட்டப்படும்போது ஆட்களும் முதலும் வேண்டும். இரண்டையும் திரட்டத் தெரிந்தவருக்கு அது நல்ல காலம். தம்புசாமி பிள்ளை அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கினார்.

ஈயம், வட்டித் தொழில், ஒப்பந்த வேலை, காப்பித் தோட்டம் என்று பல பக்கமும் கை வைத்தார். 1884ல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் ஆரம்பகால உறுப்பினர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தச் சிலரில் இவர் ஒருவர்.

இந்தக் கதையின் கசப்பான பக்கம்

ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்லும்போது சில பக்கங்களைத் தாண்டிப் போகத் தோன்றும். இதைத் தாண்ட முடியாது.

கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த முதல் ரயில் பாதை 1886ல் திறக்கப்பட்டது. காட்டை வெட்டி, சதுப்பில் மண் கொட்டி, தண்டவாளம் போட ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளைத் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரும் வேலை தம்புசாமி பிள்ளையிடம் வந்தது. மொழி தெரியும், அரசாங்கத்தின் நம்பிக்கை இருக்கிறது, ஊர்த் தொடர்பும் இருக்கிறது. வேறு யாரை அனுப்புவார்கள்?

அந்தக் காலத்தில் தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, முதலில் கால் வைத்த மண் நம்ம பினாங்குதான். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்கள் கடனோடுதான் வேலையைத் தொடங்கினார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைத் திரும்பிப் போக விடவில்லை. அந்த ஒப்பந்த முறையை முடிவுக்குக் கொண்டுவரும் தடை 1910ல்தான் வந்தது.

தம்புசாமி பிள்ளை சேர்த்த செல்வத்தில் இந்த உழைப்பும் இருக்கிறது. கோயில் கட்டியவரும் இவர்தான், ஆள் கொண்டுவந்தவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

கோயிலும் குகையும் பள்ளியும்

கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அதை முதலில் நிறுவியவர் தம்புசாமி பிள்ளை. ஆரம்பத்தில் அது அவருடைய குடும்பக் கோயில். 1885ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. பொதுமக்கள் கோயிலாக மாறியது 1920களின் கடைசியில்தான்.

அடுத்து பத்துமலை. சுண்ணாம்புக் குகையின் வாசல் வேல் வடிவத்தில் தெரிந்ததைப் பார்த்து, இங்கே முருகனை வைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகச் சொல்வார்கள். 1890ஐ ஒட்டி அங்கே முருகன் சிலை வந்தது. 1892ல் இருந்து தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. நீங்கள் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் அதே நாளில் அங்கே 272 படிகளில் லட்சக்கணக்கானவர்கள் ஏறுகிறார்களே, அந்த வழக்கத்தின் தொடக்கம் அதுதான்.

1893ல் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியைத் தொடங்க நிதி திரட்டினார்கள். அறங்காவலர்களில் தம்புசாமி பிள்ளை இருந்தார். இன்னொருவர் லோக் இயூ. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி 1894ல் திறந்தது. அதே 1894ல்தான் ரவாங்கில் அந்த இன்னொரு காரியமும் நடந்தது.

1894: ரவாங்கில் என்ன நடந்தது?

லோக் இயூ சீனாவின் குவாங்டோங்கில் இருந்து சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். கடையில் வேலை பார்த்து, சொந்தக் கடை போட்டு, பிறகு ஈயத்தில் பெரும் பணம் பார்த்தவர். தம்புசாமி பிள்ளையும் அவரும் சேர்ந்து ரவாங்கில் நியூ டின் மைனிங் கம்பெனியை நடத்தினார்கள். ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூட்டாளிகள்.

ஈய லம்பத்தின் பெரிய எதிரி தண்ணீர். பூமியைத் தோண்டத் தோண்ட ஊற்று வரும். மழை பெய்தால் குழி ஏரியாகிவிடும். தண்ணீரை வெளியேற்றினால்தான் மண்ணை அள்ள முடியும், மண்ணை அள்ளினால்தான் ஈயம். அந்த நாட்களில் உலக ஈயத்தில் சுமார் பாதி மலாய் மாநிலங்களில் இருந்து போனது. ஒரு வாரம் குழி மூழ்கிக் கிடந்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் மரச் சங்கிலிப் பம்புகள் இருந்தன. பிறகு நீராவி இயந்திரங்கள் வந்தன. நீராவிக்கு ஒரு சிக்கல் உண்டு. பம்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே, அல்லது மிகப் பக்கத்தில், கொதிகலனும் இருக்க வேண்டும். விறகை அங்கே கொண்டுபோக வேண்டும். குழி நகர்ந்தால் எல்லாமே நகர வேண்டும்.

மின்சாரம் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஜெனரேட்டர் ஓரிடத்தில் நிலையாக இருக்கும். கம்பியை மட்டும் இழுத்தால் போதும். பம்பு எங்கே வேண்டுமோ அங்கே ஓடும்.

1894ல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் தங்கள் சுரங்கத்துக்கு ஒரு ஜெனரேட்டரைப் பொருத்தினார்கள். மலேசியாவில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இதுதான். மின் பம்புகளைப் பயன்படுத்திய முதல் சுரங்கம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் வருகிறது. அந்தக் கம்பி சுரங்க எல்லையோடு நிற்கவில்லை. அதே காலத்தில் ரவாங்கில் தெருவிளக்குகளுக்கும் தனியார் மின்சாரம் கொடுக்கப்பட்டது. மறுவருடம் கோலாலம்பூர் ரயில் நிலையங்களுக்கு மின்சாரம் வந்தது.

இது எவ்வளவு சீக்கிரம் என்று புரிய ஒரு ஒப்பீடு. நியூயார்க்கில் எடிசன் தெருவுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 1882ல். சென்னையில் மின்சார டிராம் ஓடியது 1895ல். நடுவில் 1894ல், காட்டோரத்தில் இருந்த ரவாங்.

வெளிச்சம் யாருக்கு?

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தக் காலத்தில் மின்சாரம் முதலில் போனது வீடுகளுக்கு இல்லை, லாபம் இருந்த இடத்துக்கு.

இந்தியாவிலும் இதே கதைதான். கர்நாடகாவில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் கட்டி, சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902ல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பெங்களூரு நகரத்துக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905ல்.

மலாயாவிலும் ரவாங்குக்கு அடுத்த பெரிய நிகழ்வு 1900ல் வந்தது. ரவூப்பில் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கக் கம்பெனி, செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. இன்று புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று நாம் பெருமையாகப் பேசும் விஷயம், நூற்றி இருபது வருடத்துக்கும் முன்பே இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சுரங்கத்துக்காகத்தான்.

தம்புசாமி பிள்ளை 1902ல், பிறந்த ஊரான சிங்கப்பூரிலேயே காலமானார். ஐம்பத்திரண்டு வயதுதான். அவர் வாழ்ந்த வரைக்கும் மலாயாவில் மின்சாரம் என்பது பெரும்பாலும் தனியார் சொத்து. ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கு வெளிச்சம், மற்றவர்களுக்கு மண்ணெண்ணெய்.

இரண்டே வருடத்தில் மாற்றிய ஜார்ஜ்டவுன்

இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது.

1904ல் ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் வந்தது. இதைச் செய்தது சுரங்க முதலாளி இல்லை, நகராட்சி. ஊரின் பொதுப் பணத்தில் மின் நிலையம் வைத்து, ஊருக்கே கம்பி இழுத்து, பயன்படுத்துபவர்களிடம் கட்டணம் வாங்கும் முறை. 1906ல் மின்சார டிராம் ஓடியது. 1923ல் பினாங்கு மலைக்கு மின் விசையில் இழுக்கும் ரயில் வந்தது.

ரவாங்குக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரவாங்கில் ஒரு கம்பெனி தன் தேவைக்காக மின்சாரம் தயாரித்து, மிச்சத்தை ஊருக்குக் கொடுத்தது. ஜார்ஜ்டவுனில் ஊர் மொத்தமும் சேர்ந்து ஒரே கம்பியின் செலவைப் பகிர்ந்துகொண்டது. கடைக்காரரும் கட்டினார், வீட்டுக்காரரும் கட்டினார்.

1957ல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது, முதல் மேயராக வந்தவர் டி.எஸ். ராமநாதன் என்ற தமிழர். அப்போதும் மின்சாரம் மாநகர மன்றத்தின் கையில்தான் இருந்தது. மன்றத்துக்கு நல்ல வருமானத்தையும் அது கொடுத்தது.

மற்ற இடங்களில் கதை வேறு மாதிரி போனது. பேராக்கில் ஒரு தனியார் நீர்மின் கம்பெனி 1930ல் செண்டரோ அணையை இயக்கியது. 1949ல் மத்திய மின்சார வாரியம் உருவானது. 1965ல் அதற்கு லெம்பாகா லெத்ரிக் நெகாரா, அதாவது தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. துண்டு துண்டாக இருந்த கம்பிகளை அது ஒவ்வொன்றாக இணைத்தது. பினாங்கு மாநகர மன்றத்தின் மின்சாரப் பிரிவு 1976ல் அதனுடன் சேர்ந்தது. 1990ல் அந்த வாரியம்தான் தெனாகா நேஷனல் ஆனது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்துவிடவில்லை. என் அம்மா வளர்ந்தது செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். சாயங்காலம் தோட்டத்து ஜெனரேட்டரைப் போடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வீட்டுப் பாடத்தை முடித்தால் உண்டு, இல்லையென்றால் சிம்னி விளக்குதான். எதிரே தீவில் ஜார்ஜ்டவுன் விடிய விடிய வெளிச்சமாக இருப்பது கரையில் இருந்து தெரியும் என்பார். சுதந்திரம் கிடைத்துப் பல வருடங்களுக்குப் பிறகும் நிறைய தோட்டங்களின் நிலை இதுதான். ரயில் பாதை போட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பி வந்து சேர இவ்வளவு காலம் ஆனது.

ஒரே கம்பியில் இருப்பது நல்லதா, ஆபத்தா?

இரண்டும்தான்.

நல்லது எப்படி என்றால், ஓர் ஊரின் மின் நிலையம் பழுதானால் இன்னோர் ஊர் கைகொடுக்கும். ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகப் பெரிய ஜெனரேட்டர்களைக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டியதில்லை. மொத்தச் செலவு குறையும். பினாங்குத் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே கடலுக்கடியில் போகும் கேபிள்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஆபத்தை 1996 ஆகஸ்ட் 3 காட்டியது. திரெங்கானுவில் பாக்கா மின் நிலையத்துப் பக்கம் ஏற்பட்ட பழுது, சில நிமிடத்தில் தீபகற்ப மலேசியா முழுவதையும் பல மணி நேரம் இருட்டாக்கியது. உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்க, அந்த நாள் அவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பாக்காவுக்கும் பினாங்குக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே இருக்கிறது. கம்பிக்கு அது தெரியாது.

அதனால்தான் கம்பியைப் போட்டால் மட்டும் போதாது. பராமரிக்க வேண்டும், பழசை மாற்ற வேண்டும், பழுது பரவாமல் தடுக்கும் கருவிகளை வைக்க வேண்டும். இந்தச் செலவு உங்கள் பில்லில் கட்டமைப்புக் கட்டணமாக வருகிறது.

சரி, என் பில்லில் அது எவ்வளவு?

வீடுகளுக்கான புதிய கட்டண முறையில் கட்டமைப்புக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 12.85 சென். மாதம் 300 யூனிட் பயன்படுத்தும் வீடாக இருந்தால், அந்த வரியில் 38 ரிங்கிட் 55 சென் வரும். மின்சாரத்தின் விலை ஒரு யூனிட்டுக்கு 27.03 சென், மின் நிலையங்களைத் தயாராக வைக்கும் கட்டணம் 4.55 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கனச் சலுகை கழியும் என்பதால், கடைசியில் கட்டும் தொகை இதைவிடக் குறையும்.

முன்பு இவை எல்லாம் ஒரே விலைக்குள் கலந்திருந்தன. கம்பிக்கு நாம் எப்போதும் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

சூரிய மின்சாரம் வந்தால் கம்பி தேவையில்லையா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி. உண்மையில் கம்பியின் வேலை கூடுகிறது.

பழைய கட்டமைப்பு ஒருவழிப் பாதை. பெரிய மின் நிலையத்தில் இருந்து உங்கள் வீட்டுக்கு மின்சாரம் வரும். கூரையில் சோலார் தகடு வைத்தவர்கள் மதியத்தில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒருவழிச் சாலையில் எதிரே வண்டி வருவது மாதிரி. மேகம் மறைத்தால் உற்பத்தி சட்டென்று இறங்கும். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து ஏர்கான் போடும் நேரத்தில் சூரியன் மறைந்திருக்கும். இதைச் சமாளிக்க மின்மாற்றிகள், அளவீட்டுக் கருவிகள், சேமிப்பு மின்கலங்கள் எல்லாம் வேண்டும்.

பக்கத்து நாடுகளோடும் இணைப்பு வேண்டும். கெடாவில் குருன் என்ற ஊரில் இருந்து தாய்லாந்துக்கு 300 மெகாவாட் இணைப்பு ஒன்று போகிறது. பினாங்கில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். 2022 ஜூன் முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. முதலில் அதிகபட்சம் 100 மெகாவாட். ஆசியான் நாடுகள் எல்லாவற்றையும் ஒரே மின்கட்டமைப்பாக இணைக்கும் திட்டத்தின் ஆரம்பப் படி இது.

இதில் நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் இருக்கிறது. சொந்தத் தரைவீடு வைத்திருப்பவர் கூரையில் தகடு போட்டு பில்லைக் குறைத்துக்கொள்ளலாம். ஜெலுத்தோங்கில் பதினைந்தாவது மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் கூரையே கிடையாது. தகடு வைத்தவர் கம்பியில் இருந்து வாங்கும் யூனிட் குறைந்தால், யூனிட் கணக்கில் வசூலிக்கும் கட்டமைப்புக் கட்டணமும் அவருக்குக் குறையும். ராத்திரியில் மட்டும் அவருக்கும் அதே கம்பி வேண்டும். அப்படியானால் கம்பியின் செலவு யார் தலையில் போய் விழும்?

1894 கேள்வியே மறுபடி வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? சொந்தமாக ஜெனரேட்டர் வைக்க முடிந்தவருக்கு ஒரு வாழ்க்கை, முடியாதவருக்கு இன்னொன்று. கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. மலேசியாவிலும் கூரைச் சோலாருக்கான பழைய திட்டம் 2025 ஜூன் கடைசியில் முடிந்து, புதிய விதிகள் வந்திருக்கின்றன. அடுக்குமாடிக்காரர்களுக்கு இதில் என்ன பங்கு என்பது, வாக்காளராக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம்?

அடுத்த பில் வரும்போது கட்டமைப்புக் கட்டண வரியைத் தேடிப் பாருங்கள். உங்கள் யூனிட்டை 12.85 சென்னால் பெருக்கினால் கணக்குச் சரியா என்று தெரிந்துவிடும்.

நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தையும் விசாரித்து வையுங்கள். அதில் வேலை நாட்களில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரைதான் உச்ச நேரம். சனி, ஞாயிறு முழுக்க குறைந்த விலை. வாஷிங் மெஷினை வார இறுதிக்குத் தள்ள முடிகிற வீடுகளுக்கு இது உதவலாம். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருந்து ஏர்கான் ஓடினால், முதலில் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், கோலாலம்பூர் போனால் சௌகிட் பக்கம் ஜாலான் தம்புசாமி என்று ஒரு தெரு இருக்கிறது. ராத்திரியில் அந்த வழியாக நடக்க நேர்ந்தால், மேலே எரியும் தெருவிளக்கைக் கொஞ்சம் பாருங்க. இந்த நாட்டின் முதல் தெருவிளக்கு எரிந்த ரவாங் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.